கெடு இல்லாத நாட்காட்டி

புதிதாக ஒரு உலகத்தைக் கற்பனை செய்து கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் தவறாமல் செய்கிற மூன்று வேலைகள் உண்டு. முதலில் ஒரு வரைபடம். அப்புறம் ஒரு ராஜ வம்சம். மூன்றாவது, ஒரு நாட்காட்டி. வானத்தில் இரண்டு நிலா, வருஷத்துக்கு 13 மாதம், வாரத்துக்கு 9 நாள், ஒரு நாளுக்கு 10 மணி நேரம்... மாதங்களுக்கு "பனிமுகம்", "எரிவிழி" என்று பெயர் வைத்தாயிற்று. நாட்காட்டி ரெடி!

கதைக்குள் போனால் அந்த நாட்காட்டி என்ன வேலை பார்க்கிறது? இளவரசன் எரிவிழி 14ஆம் நாள் போருக்குக் கிளம்புகிறான். அவ்வளவுதான். அந்த இடத்தில் ஆனி 14 என்று போட்டிருந்தாலும் ஒரு வரி கூட மாறாது. இரண்டு நிலாவைச் சுற்ற வைத்த உழைப்பெல்லாம் வீண்.

இப்படிப்பட்ட நாட்காட்டிகளைப் படைக்கிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று தான். உங்கள் உலகத்தில் ஒருவன் கடன் வாங்கினால் எந்தத் தேதிக்குள் திருப்பிக் கட்ட வேண்டும்?

சிரிக்க வேண்டாம். காலண்டர் என்ற சொல்லே அங்கிருந்து வந்தது தான். பழைய ரோமாபுரியில் மாதத்தின் முதல் நாளுக்கு கலெண்டே என்று பெயர். கடனுக்கு வட்டி கட்ட வேண்டிய நாள் அது. யார் எவ்வளவு தர வேண்டும் என்று எழுதி வைக்கும் கணக்குப் புத்தகத்துக்கு கலெண்டாரியம் என்று பெயர். இன்று சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர், பிறப்பால் ஒரு வட்டிக்கணக்கு நோட்டு! நம் பஞ்சாங்கத்திலும் "கந்தாய பலன்" என்று ஒரு பகுதி இருக்கும். கந்தாயம் என்றால் நாலு மாதத் தவணை. அதே சொல்லுக்கு வரி என்றும் பொருள் உண்டு. காலத்தை அளக்கும் சொல்லும் பணத்தை அளக்கும் சொல்லும் ஒன்றாக இருப்பது தற்செயலா என்ன?

கெடு தான் நாட்காட்டியின் உயிர். யாராவது யாருக்காவது எதையாவது தர வேண்டிய நாள் அதில் இல்லையென்றால் அது வெறும் பெயர்ப்பட்டியல். இது கற்பனை உலகத்துக்கு மட்டும் பொருந்துகிற விஷயமில்லை. நிஜ உலகத்தில், நம் தமிழ்நாட்டில், சட்டசபையில் உட்கார்ந்து நாட்காட்டி செய்தவர்களும் இதே இடத்தில் தான் கோட்டை விட்டார்கள்.

பூம்பாறையில் எத்தனை நாட்காட்டி?

வாதத்துக்கு ஒரு ஊரை எடுத்துக் கொள்வோம். கொடைக்கானலில் இருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்களோடு இருக்கிறது பூம்பாறை. சுற்றுலா வருகிறவர்கள் ரோட்டோரம் வண்டியை நிறுத்திப் படம் பிடித்துக் கொண்டு போய்விடும் ஊர். விளைவது பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்தச் சின்ன ஊரில் ஒரே சமயத்தில் எத்தனை நாட்காட்டிகள் ஓடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

குழந்தை வேலப்பர் கோயில் தேர் பஞ்சாங்கப்படி ஓடுகிறது. பள்ளிக்கூடமும் பஸ்ஸும் ஆங்கிலத் தேதியில் ஓடுகின்றன. வங்கியின் கணக்கு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. வி.ஏ.ஓ. வைத்திருக்கும் அடங்கலில், எந்த சர்வே நம்பரில் என்ன பயிர் என்று எழுதும் பதிவேட்டில், "பசலி" என்று ஒரு வருஷம் இருக்கிறது. அது ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. இதெல்லாம் போக, நிலத்துக்கென்று ஒரு நாட்காட்டி தனியாக இருக்கிறது. எப்போது விதைப் பூண்டு ஊன்றுவது, எப்போது பிடுங்குவது என்று மழையும் பனியும் சொல்லும் நாட்காட்டி.

ஐந்து நாட்காட்டி. ஒன்றோடு ஒன்று ஒத்துப் போவதில்லை. ஆனாலும் யாரும் குழம்புவதில்லை. ஏனென்றால் ஒவ்வொன்றிலும் ஒரு கெடு இருக்கிறது. தேருக்கு முன்னால் ஊர் வரி கட்ட வேண்டும். பஸ்ஸை விட்டால் நடக்க வேண்டும். பசலி முடிவதற்குள் கிஸ்தி கட்ட வேண்டும், ஜமாபந்தியில் பட்டா மனுவைக் கொடுக்க வேண்டும். வங்கிக் கடனுக்குத் தவணைத் தேதி இருக்கிறது. பூண்டைக் காலத்தில் பிடுங்காவிட்டால் மண்ணிலேயே அழுகும்.

சரி, அரசாங்கம் கொடுத்த திருவள்ளுவர் ஆண்டும் சக ஆண்டும் இந்தப் பட்டியலில் எங்கே? அரசிதழில் இருக்கின்றன. அரசு டைரியில் இருக்கின்றன. பூம்பாறையில் யாருக்கும் அவற்றால் ஒரு ரூபாய் வரவும் இல்லை, செலவும் இல்லை!

ஒரே அரசர், இரண்டு நாட்காட்டி

மேலே சொன்ன ஐந்தில் பசலியின் கதை தான் சுவாரசியம். அது வானத்தில் இருந்து வந்ததல்ல, உட்கார்ந்து யோசித்து உண்டாக்கிய நாட்காட்டி. உண்டாக்கியவர் அக்பர் பாதுஷா.

ஹிஜ்ரி ஆண்டு நிலவைப் பின்பற்றுவது. 354 நாள். சூரிய ஆண்டை விட சுமார் 11 நாள் குறைவு. 32 அறுவடை நடக்கும் காலத்துக்குள் 33 ஹிஜ்ரி ஆண்டுகள் முடிந்து விடும். வருஷத்துக்கு ஒரு வரி என்றால் 32 விளைச்சலுக்கு 33 வரி! அது மட்டுமா? வரி கேட்கும் மாதம் ஒவ்வொரு வருஷமும் முன்னால் நகர்ந்து கொண்டே வரும். பயிர் பச்சையாக நிற்கும் போது வரி கேட்டால் குடியானவன் எங்கே போவான்? அதனால் வரி வசூலுக்கு மட்டும் அறுவடையை ஒட்டிய சூரிய ஆண்டு ஒன்றை வைத்தார்கள். ஃபஸ்ல் என்றால் அறுவடைப் பருவம். அதிலிருந்து தான் பசலி. தக்காணத்துக்கு அதைக் கொண்டு வந்தவர் பேரன் ஷாஜகான். பிறகு வந்த வெள்ளைக்காரன் சென்னை ராஜதானியில் ஜூலை 1 என்று தொடக்க நாளை நிலைநிறுத்தினான். சுதந்திர இந்தியாவும் அப்படியே வைத்துக் கொண்டது.

அதே அக்பர் இன்னொரு நாட்காட்டியும் செய்தார். பெயர் இலாஹி, தெய்விக ஆண்டு. 1584இல் அறிவித்து, தாம் பட்டமேறிய 1556இல் இருந்து கணக்கைத் தொடங்க வைத்தார். பாரசீக மாதப் பெயர்கள். மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனிப் பெயர் வேறு. நாணயத்தில் எல்லாம் பொறித்தார்கள். கற்பனை உலகம் படைக்கிறவர்களுக்குக் கண்ணீரே வந்துவிடும், அவ்வளவு அழகு! என்ன ஆனது? ஷாஜகான் காலத்தில் மங்கி, அவுரங்கசீப் காலத்தில் மறைந்தே போனது.

பெருமைக்குச் செய்தது இரண்டு தலைமுறையில் செத்துப் போனது. வரிக்குச் செய்தது நானூறு வருஷம் தாண்டி, மொகலாயப் படை ஏறவே ஏறாத பழனி மலையில், வி.ஏ.ஓ. மேஜை மேல் உயிரோடு இருக்கிறது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

தை முதல் நாள் வழக்கு

இப்போது 2008க்கு வருவோம். அந்த வருஷம் ஜனவரியில் தி.மு.க. அரசு தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் இயற்றியது. 2011 ஆகஸ்டில் அ.தி.மு.க. அரசு அதை ரத்து செய்து மறுபடியும் சித்திரைக்கே கொண்டு போனது. அன்றிலிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஏப்ரலிலும், இணையத்தில் இதே சண்டை.

தை கட்சி சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பிரபவ முதல் அட்சய வரை 60 பெயர்களும் தமிழ் இல்லை. 60 முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து வருவதால் தொடர்ச்சியான எண்ணிக்கையும் கிடைக்காது. கணக்கு வைக்கிறவனுக்கு இது பெரிய தொல்லை தான். "விஷு வருஷத்தில் கடன் வாங்கினார்" என்றால் எந்த விஷு? அப்பாவா, தாத்தாவா? அந்த வகையில் திருவள்ளுவர் ஆண்டு நல்ல ஏற்பாடு. ஆங்கில ஆண்டோடு 31ஐக் கூட்டினால் போதும், எண் வந்து விடும்.

ஆனால் இரண்டு கட்சியும் வானத்தைச் சாட்சிக்கு இழுக்கிறார்களே, அங்கே தான் இடிக்கிறது. தை முதல் நாளில் சூரியன் வடக்கே திரும்புகிறது என்பார் ஒருவர். சித்திரை முதல் நாளில் பகலும் இரவும் சமம் என்பார் இன்னொருவர். இரண்டும் தப்பு. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22 வாக்கில். பகலிரவு சமமாவது மார்ச் 20, 21 வாக்கில். நம் மாதங்கள் நட்சத்திரத்தைப் பார்த்துப் போகின்றன, பருவமோ சூரியனைப் பார்த்துப் போகிறது. சுமார் 70 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் விலகி விலகி, ஏறக்குறைய 1700 வருஷத்தில் 24 நாள் தள்ளிப் போய்விட்டது. பூம்பாறைக்குப் பக்கத்திலேயே, கொடைக்கானலில் 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் இருக்கிறது. நூறு வருஷத்துக்கும் மேலாகச் சூரியனையே பார்த்துக் கொண்டிருக்கும் அந்த ஆய்வகத்தில் போய்க் கேட்டாலும் இரண்டு கட்சிக்கும் இதே தீர்ப்பு தான் கிடைக்கும்.

சரி, வானத்தைச் சரியாகப் பார்த்துச் செய்தால் நாட்காட்டி நிலைத்து விடுமா? அதையும் செய்து பார்த்தார்கள். விஞ்ஞானி மேகநாத் சாகா தலைமையில் 1952இல் ஒரு குழு. இந்த விலகலை எல்லாம் கணக்கிட்டுத் திருத்தி, 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டு தேசிய நாட்காட்டி ஆனது. அறிவியல்படி குறை சொல்ல முடியாத வேலை. சக ஆண்டுத் தேதி போட்ட காசோலை கூடச் செல்லும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. எத்தனை பேர் அப்படி எழுதுகிறார்கள்? எழுதிக் கொடுத்தால் கவுன்ட்டரில் இருப்பவர் முகம் எப்படி மாறும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெயர் தமிழாக இருந்தும் போதவில்லை. கணக்கு சரியாக இருந்தும் போதவில்லை. ஆனால் 1867இல் ஏதோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி லண்டன் வரவு செலவோடு ஒத்துப் போகட்டும் என்று வைத்த ஏப்ரல்-மார்ச் நிதியாண்டு மட்டும் இன்று வரை அசையவில்லை. அதற்கு வானமும் ஆதாரமில்லை, வேதமும் ஆதாரமில்லை, தமிழும் இல்லை. மார்ச் 31 என்றால் நாடே நடுங்குகிறது. கெடு இருக்கிறதே!

உலகம் முழுக்க இதே கதை

பிரான்சில் புரட்சிக்காரர்கள் 1793இல் புது நாட்காட்டி போட்டார்கள். மாதத்துக்கு 30 நாள், வாரத்துக்கு 10 நாள், ஒரு நாளுக்கு 10 மணி. மாதப் பெயர்கள் எல்லாம் பனி, காற்று, திராட்சை என்று கவிதை. கூலிக்காரன் பார்த்தான். முன்பு 7 நாளுக்கு ஒரு ஓய்வு, இப்போது 10 நாளுக்கு ஒரு ஓய்வு. கவிதை யாருக்கு வேண்டும்? பத்து மணிக் கடிகாரம் 1795லேயே நின்றது. நாட்காட்டியை 1806 ஜனவரி 1இல் நெப்போலியன் மூட்டை கட்டினார். சோவியத் நாட்டில் 1929இல் ஐந்து நாள் வாரம் கொண்டு வந்து, ஆளுக்கு ஒரு நாள் விடுமுறை என்று பிரித்தார்கள். புருஷனுக்கு ஒரு நாள் லீவு, பெண்டாட்டிக்கு வேறு நாள். அப்புறம் ஆறு நாள் வாரம் ஆக்கிப் பார்த்தார்கள். 1940இல் பழைய ஏழு நாளுக்கே திரும்பினார்கள்.

கடிகாரத்துக்கும் இதே விதி தான். சென்னை வானாய்வகத்தின் நேரம் கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் முன்னால். இந்திய ரயில்கள் ஒரு காலத்தில் இந்த மெட்ராஸ் டைமில் தான் ஓடின. கல்கத்தாக்காரரும் பம்பாய்க்காரரும் அவரவர் ஊர் நேரத்தை வைத்துக் கொண்டாலும், ரயிலைப் பிடிக்க மெட்ராஸ் டைம் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. 1906 ஜனவரி 1 முதல் 5:30 என்று இந்திய நேரம் வந்த பிறகும் பம்பாய் தன் சொந்த நேரத்தை 1955 வரை விடவில்லை. ஆணை போட்டால் கடிகார முள் நகராது. ரயில் போய்விடும் என்றால் நகரும்.

கதை உலகத்திலும் இதைப் புரிந்து கொண்டவர்கள் இருக்கிறார்கள். டோல்கீன் தம் ஹாபிட்களுக்கு ஒரு நாட்காட்டி செய்தார். 12 மாதம், மாதத்துக்கு 30 நாள், மிச்சம் நாட்கள் எந்த மாதத்திலும் சேராமல் தனியாக. அதோடு விட்டிருந்தால் அதுவும் பெயர்ப்பட்டியல் தான். அந்தத் தனி நாட்களில் ஏழு வருஷத்துக்கு ஒரு முறை சந்தை மைதானத்தில் மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஒரு வேலை கொடுத்தார் பாருங்கள், அங்கே தான் அது நாட்காட்டி ஆகிறது.

"அப்படியானால் வாழ்க்கை முழுக்க வரவு செலவு தானா? பொங்கலுக்கும் தேருக்கும் என்ன கெடு?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஊர்த் திருவிழா என்றால் தலைக்கட்டு வரி உண்டு, மண்டகப்படி உண்டு, முறை செய்ய வேண்டிய மாமன் உண்டு. பொங்கலுக்கு மகள் வீட்டுக்குச் சீர் போக வேண்டும். கெடு என்றால் வட்டிக்கடைக் கெடு மட்டும் தானா? ஒருவர் இன்னொருவருக்குப் பட்டிருக்கும் எல்லாக் கடனும் கெடு தான். பொங்கல் நிலைத்திருப்பது அதனால். அதைப் புத்தாண்டு என்று சட்டம் சொன்ன மூன்று வருஷத்திலும் ஒரு கரும்பு கூட விற்பனை கூடவும் போவதில்லை, ரத்தான பிறகு குறையவும் போவதில்லை.

சண்டை போட வேண்டிய நாட்காட்டி வேறு

இவ்வளவும் சொல்வது பழைய சண்டைக்குத் தீர்ப்பு எழுத மட்டும் அல்ல. உண்மையிலேயே சண்டை போட வேண்டிய நாட்காட்டி ஒன்று இருக்கிறது. அதை யாரும் கண்டு கொள்வதில்லை.

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்குகிறவருக்குத் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. ஆனால் கெடுவுக்குள் கட்ட வேண்டும். கெடு தாண்டினால் வட்டி ஏறும். பூண்டு மலையில் ஒரே சமயத்தில் அறுவடையாகும். எல்லோரும் ஒரே சமயத்தில் கீழே இறக்கினால் விலை விழும் என்பது வணிகவியல் முதலாம் ஆண்டுப் பாடம். பூண்டு தக்காளி மாதிரி இல்லை. காயவைத்துக் கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் தாங்கும், விலை வரும் வரை காத்திருக்கலாம். ஆனால் கடன் கெடு முன்னாலேயே வந்து விட்டால்? தாங்கும் பண்டத்தைக் கையில் வைத்துக் கொண்டே தாங்காத விலைக்கு விற்க வேண்டும். அந்தத் தேதியை ஒரு மாதம் தள்ளி வைப்பது ஒரு குடும்பத்தின் வருஷ வருமானத்தையே மாற்றும். எந்தப் புத்தாண்டுச் சட்டத்தால் இது முடியும்?

வங்கிகளில் மற்றக் கடன் 90 நாள் நிலுவையானால் வாராக்கடன். ஆனால் குறுகிய காலப் பயிருக்கு வாங்கிய கடனுக்கு இரண்டு பயிர்ப் பருவம் வரை பார்க்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2004இல் இருந்து வைத்திருக்கிறது. அக்பரின் பசலிக்குப் பிறகு குடியானவனை நினைத்துச் செய்த நல்ல நாட்காட்டி இது தான். எந்தப் பயிருக்குப் பருவம் எவ்வளவு என்பதை மாநில அளவிலான வங்கியாளர் குழு முடிவு செய்கிறது. மலைப்பூண்டின் பருவம் எது, அது சமவெளி வெங்காயத்தின் பருவத்தில் இருந்து எப்படி வேறுபடுகிறது என்று எத்தனை தமிழறிஞர்கள் அந்தக் குழுவிடம் கேட்டிருக்கிறார்கள்? எத்தனை எம்.எல்.ஏ.க்கள் சட்டசபையில் பேசியிருக்கிறார்கள்? தையா சித்திரையா என்று பேசியதில் நூறில் ஒரு பங்கு பேசியிருந்தால் கூடப் போதுமே!

ஆகவே, நாட்காட்டி படைக்கப் போகிறவர்களுக்கு, அது கற்பனை உலகத்துக்கானாலும் சரி, கோட்டையில் இருந்து கொண்டானாலும் சரி, ஒரு சின்ன வேண்டுகோள். மாதங்களுக்குப் பெயர் வைப்பதைக் கடைசியில் வைத்துக் கொள்ளுங்கள். முதலில் விளைச்சல் எப்போது என்று எழுதுங்கள். அடுத்து, கடன் எப்போது கட்ட வேண்டும் என்று எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணுங்கள். அந்த நாட்களில் பூண்டு வைத்திருப்பவன் நிம்மதியாகத் தூங்குவானா என்று பாருங்கள். தூங்குவான் என்றால் உங்கள் நாட்காட்டி தேறியது. மாதத்துக்கு எரிவிழி என்று வைத்தாலும் சரி, தை என்று வைத்தாலும் சரி, அப்புறம் உங்கள் இஷ்டம்.